அப்பா ஓட்டிய பஸ்ஸும் தம்பி போன சினிமாவும்

தென்காசியிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று ஊர்கள் மாறிக்கொண்டே இருக்கும். இடது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை மட்டும் மாறாமல் கூடவே வரும். சுமார் 50 கிலோமீட்டர் தாண்டியதும் சேத்தூர். அதற்கடுத்து ராஜபாளையம்.

என் அப்பா அந்த ரூட்டில் 20 வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். அரசுப் போக்குவரத்துக் கழக டிரைவர். சின்ன வயதில் லீவு விட்டால் நானும் தம்பியும் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு மதுரை வரை போய்த் திரும்புவோம். ஒவ்வொரு ஊர் வரும்போதும் அப்பா ஏதாவது ஒன்று சொல்வார். புளியங்குடி என்றால் எலுமிச்சம்பழ மார்க்கெட். வாசுதேவநல்லூர் என்றால் நெற்கட்டும்செவல் பூலித்தேவன். சேத்தூருக்கு மட்டும் ரொம்ப நாள் அவரிடம் கதை இல்லாமல் இருந்தது.

2009-ல் அந்தக் கதை கிடைத்தது.

அந்த ஜூன் மாதம் 'நாடோடிகள்' வந்தது. குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்து, தென்காசி முழுக்க சாரல். தம்பி பி.காம் கடைசி வருஷம் முடித்து சும்மா இருந்தான். நனைந்த சட்டையோடு தியேட்டருக்குப் போய் ஒரே வாரத்தில் மூன்று தடவை அந்தப் படத்தைப் பார்த்தான். மூன்றாவது தடவை அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனான். நண்பனின் காதலுக்காக ஒருத்தன் காலை இழக்கிறான், ஒருத்தன் காது கேட்காமல் போகிறான். கடைசியில் அந்தக் காதலே நிலைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பா ஒன்றுமே சொல்லாமல் சாப்பிட்டார். மறுநாள் டூட்டிக்குப் போனபோது கண்டக்டர் மாமாதான் சொல்லியிருக்கிறார்: "அண்ணாச்சி, அந்தப் படம் எடுத்தவரு நம்ம சேத்தூர்க்காரரு. சமுத்திரக்கனின்னு பேரு."

அன்றிலிருந்து சேத்தூர் ஸ்டாப்பில் பஸ் நின்றால், அப்பா பின்னால் திரும்பி யாரிடமாவது, "சமுத்திரக்கனி ஊரு இதுதான், தெரியும்லா?" என்று சொல்லாமல் கியர் போட மாட்டார்.

அந்தப் பெருமைதான் ஒருநாள் எங்கள் வீட்டில் வினையாக வந்து நின்றது.

தம்பி, "நானும் டைரக்டர் ஆகப்போறேன். மெட்ராஸ் போறேன்" என்றான். அம்மா அழுதாள். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். எங்கள் பெரியப்பா ஒருத்தர், "சினிமாவுக்குப் போறதும் ஆரியங்காவுல போயி லாட்டரி எடுக்கதும் ஒண்ணுதான்" என்றார். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்த பிறகு, எங்கள் பக்கத்து ஆட்கள் செங்கோட்டை தாண்டி கேரள எல்லையில் போய்ச் சீட்டு வாங்கி வருவது வழக்கம். நிறைய பேர் வாங்குவார்கள், யாருக்கோ விழும். அதைத்தான் அவர் சொன்னார்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "சேத்தூர்க்காரரு போயி ஜெயிக்கலியா? அஞ்சு வருஷம் தாரேன். ஜெயிச்சுட்டு வா. இல்லன்னா திரும்பி வந்து நான் சொல்லுத வேலையப் பாரு" என்றார். தம்பி தலையாட்டினான். 2010 தை மாதம் ஒரு சூட்கேஸோடு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டோம். மாதாமாதம் அப்பா சம்பளத்திலிருந்து 3,000 ரூபாய் அவனுக்குப் போகும். என் கல்யாணக் கடன் அடைந்திராத நேரம் அது.

அதன்பிறகு அந்த ஒரு மனிதருடைய வளர்ச்சியை எங்கள் வீட்டில் பார்த்ததுபோல் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டார்கள். 'நாடோடிகள்' தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி என்று நாலு மொழிக்குப் போனது. தெலுங்கில் ரவி தேஜாவை வைத்து அவரே இயக்கினார். 2011-ல் மறுபடியும் சசிகுமாரோடு 'போராளி'. 2012-ல் 'சாட்டை' வந்தது. அதை இயக்கியவர் அன்பழகன். அரசுப் பள்ளி வாத்தியார் தயாளனாக சமுத்திரக்கனி நடித்திருந்தார். அப்பா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, தான் படித்த பள்ளிக்கூட வாத்தியார்கள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொன்னார். 2014-ல் 'வேலையில்லா பட்டதாரி'யில் தனுஷின் அப்பாவாக வந்தார். "டைரக்டரா ஜெயிச்சாச்சு, இப்ப நடிப்புலயும் வந்துட்டாரே" என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

ஒவ்வொரு படம் வரும்போதும் அப்பா தம்பிக்கு போன் போடுவார். "பாத்தியால? உனக்கு எப்ப?"

அவர் ஆசையாகத்தான் கேட்டார். ஆனால் போனின் அந்தப் பக்கம் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. வளசரவாக்கத்தில் ஒரே அறையில் ஆறு பேரோடு படுத்துக்கொண்டு, கிளாப் அடிக்கிற வேலைக்குக்கூட யார் யார் பின்னாலோ அலைந்துகொண்டிருந்தான் தம்பி. ஒரு படத்தில் உதவி இயக்குநராகச் சேர்ந்தான். 40 நாள் ஷூட்டிங் நடந்து, பணம் இல்லாமல் படம் நின்றுபோனது. சம்பள பாக்கி கடைசி வரை வரவில்லை. இதையெல்லாம் என்னிடம்கூட அவன் சொன்னதில்லை. அம்மாவிடம் மட்டும், "சாப்பிட்டேம்மா" என்பான். சாப்பிடாத நாட்களில்தான் அதை அழுத்திச் சொல்வான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

2015 ஆகஸ்ட். ஐந்து வருஷக் கெடு முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஐந்தருவியில் தண்ணீர் ஐந்து கிளையாகப் பிரிந்து நன்றாக விழுந்துகொண்டிருந்த நேரம். தம்பி ஊருக்கு வந்திருந்தான். எல்லோருமாகக் குளிக்கப் போய்விட்டு, பிரானூர் பார்டரில் பரோட்டா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அம்மா இலை போட்டாள். அப்போதுதான் அப்பா ஆரம்பித்தார்.

"சேத்தூர்ல இருந்து போனவரு வந்துட்டாரு. தென்காசியில இருந்து போன உனக்கு என்னல கொறை? அவருக்கு மட்டும் சினிமாக்காரன் சொந்தக்காரனா? உன்கிட்ட ஒண்ணும் இல்ல, அதான்."

தம்பி பிய்த்த பரோட்டாவை இலையில் வைத்துவிட்டு எழுந்தான். பையை எடுத்துக்கொண்டு அந்த ஈரத் துண்டோடேயே கிளம்பிவிட்டான். அம்மா தெரு முனை வரை ஓடினாள். அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று ஓடியது. அம்மாவின் போன் வழியாகத்தான் வீடு நடந்தது. 3,000 ரூபாயை அனுப்ப வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். சேத்தூர் ஸ்டாப்பில் அப்பா வாயைத் திறப்பதில்லை என்று கண்டக்டர் மாமா என்னிடம் வந்து வருத்தப்பட்டார்.

2016 மார்ச்சில் 'விசாரணை' படத்துக்காக சமுத்திரக்கனிக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அறிவித்தார்கள். அப்பா பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். தம்பிக்கு போன் போடவில்லை. அந்த ஜூலையில் 'அப்பா' படம் வந்தது. எழுதி, இயக்கி, தயாரித்து, நடித்தவர் அவரேதான். இளையராஜா இசை. நான் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதில் மூன்று விதமான அப்பாக்கள். தயாளன், பிள்ளையை அவன் போக்கில் வளர விடுகிறவர். தம்பி ராமையா நடித்த சிங்கப்பெருமாள், பிள்ளை பிறக்கும்போதே அவன் என்ன படிக்க வேண்டும், எங்கே போக வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பவர். மூன்றாவது அப்பா, எதிலும் தலையிடாமல் இருந்த இடம் தெரியாமல் வாழ நினைக்கிறவர்.

படம் முடிந்து வெளியே வந்தோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. காசி விஸ்வநாதர் கோயில் வாசலில் எப்போதும் அடிக்கிற காற்று அன்றைக்கு ஆளையே தள்ளுகிற மாதிரி அடித்தது. கோபுரத்தடியில் அப்பா நின்றார். என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏட்டி, நான் அவனப் போக விட்டேன்லா? அப்போ நான் தயாளன்தானே?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அம்மாதான் சொன்னாள்: "போக விட்டீக. கூடவே ஸ்கேலையும் குடுத்தனுப்புனீக."

அப்பா பதில் பேசவில்லை. ஆனால் போனும் போடவில்லை. ஆம்பளைகளுக்கு அது அவ்வளவு லேசில் வராது. அடுத்த வருஷம் அவர் ரிட்டையர் ஆனபோது தம்பி வந்தான். மாலை போட்ட போட்டோவில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். முகங்கள் மட்டும் வேறு வேறு பக்கம் பார்க்கின்றன.

2020-ல் கொரோனா வந்தது. ஷூட்டிங் எல்லாம் நின்றது. தம்பி இ-பாஸ் வாங்கி ஊர் வந்து சேர்ந்தான். தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை திறந்த நாட்களில் கூட வந்து உட்கார்ந்துகொள்வான். அந்த வருஷம் குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தது, குளிக்கத்தான் ஆளை விடவில்லை. ஆளே இல்லாத அருவி மாதிரிதான் அவனும் இருந்தான்.

ஒருநாள் அவனுக்கு ஒரு போன் வந்தது. ஒரு டி.வி சீரியலுக்கு வசனம் எழுத ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டான்.

"ஏன்டா?" என்றேன்.

"சீரியலுக்கா போறது? பத்து வருஷம் சினிமாவுல இருந்துட்டு, இப்ப மாமியார் மருமகள் சண்டை எழுதவா? அப்பா என்ன சொல்லுவாரு? 'பாத்தியால, சேத்தூர்க்காரரு'ன்னு ஆரம்பிப்பாரு."

எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் இல்லை. அந்த 'சேத்தூர்க்காரரை' நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து என்ன பண்ணி வைத்திருக்கிறோம் என்று. வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள் ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்தில் வருஷம் போட்டு எழுத ஆரம்பித்தேன். இத்தனை வருஷம் வீட்டில் கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி மனப்பாடம். மீதியை அவனிடமே கேட்டேன்.

அவர் நடிகராகத்தான் ஆசைப்பட்டுச் சென்னைக்குப் போனார். கிடைத்தது உதவி இயக்குநர் வேலை. 2001-ல் கே.பாலசந்தரின் 100-வது படமான 'பார்த்தாலே பரவச'த்தில் உதவியாளர். பிறகு 'அண்ணி' என்ற டி.வி சீரியல். அதைப் பார்த்துத்தான் எஸ்.பி.பி.சரண் கூப்பிட்டு, 2003-ல் 'உன்னைச் சரணடைந்தேன்' படத்தை இயக்கக் கொடுத்தார். 2004-ல் விஜயகாந்தை வைத்து 'நெறஞ்ச மனசு'.

"இதுக்கு அடுத்து என்னடா?"

"2009. 'நாடோடிகள்'."

"நடுவுல?"

தம்பி கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்தான். இரண்டு படம் இயக்கியும் பெரிதாகப் பெயர் வராத ஒரு ஆள். விஜயகாந்தையே இயக்கியாச்சு, இனிமேல் இறங்கி வர மாட்டேன் என்று வீட்டில் உட்காரவில்லை. திரும்பவும் சின்னத்திரைக்குப் போனார். அம்மா ராத்திரி தவறாமல் பார்த்த ராதிகாவின் 'அரசி' சீரியலை இயக்கியவர்களில் அவரும் ஒருவர். யார் டைரக்டர் என்று தெரியாமலேயே நாங்கள் அதைப் பார்த்திருக்கிறோம்! அமீரின் 'பருத்திவீரன்' படத்தில் கூட நின்று வேலை பார்த்தார். 2008-ல் சசிகுமாரின் 'சுப்ரமணியபுர'த்தில் கனகுவாக வந்து, படம் பார்த்த எல்லோரிடமும் திட்டு வாங்கினார். நடிக்க வந்தவருக்கு நடிகராகப் பெயர் கிடைத்தது அப்போதுதான். அதற்கு அடுத்த வருஷம்தான் 'நாடோடிகள்'.

"அஞ்சு வருஷம்னு அப்பா கெடு குடுத்தாரு. 2004-ல இருந்து 2009 வரைக்கும் எண்ணிப் பாரு, அதுவும் அஞ்சு வருஷம்தான். அவரு வீட்டுலயும் யாராவது, 'உனக்கு எப்ப'ன்னு கேட்டுருப்பாங்கள்ல? ஜெயிச்சதுக்கு அப்புறம் உள்ளதைத்தான் நாம போஸ்டர்ல பாத்தோம். நடுவுல உள்ளத யாரும் ஒட்ட மாட்டாங்க."

தம்பி அந்தத் தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். அதை அப்பாவிடம் காட்டுவான் என்று நான் நினைக்கவில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஒன்றும் பேசாமல் அவர் முன்னால் விரித்து வைத்தான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் படித்தார். 2004-க்கும் 2009-க்கும் நடுவில் விரலை வைத்துக்கொண்டே இருந்தார்.

"இது எனக்குத் தெரியாதுல" என்றார். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மன்னிப்பு கேட்பது அப்படித்தான்.

தம்பி சீரியலுக்கு எழுதப் போனான். இப்போது வீட்டு வாடகையை அவனே கட்டுகிறான். டைட்டிலில் அவன் பெயர் இரண்டு நொடி வரும். அந்த இரண்டு நொடிக்காக அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். இதை நான் வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை. அவன் இன்னும் ஒரு படம்கூட இயக்கவில்லை. இனிமேல் இயக்குவானா என்று யாராலும் சொல்ல முடியாது. சேத்தூரிலிருந்து போன அத்தனை பேரும் சமுத்திரக்கனி ஆகவில்லை என்பதும் உண்மைதான். பெரியப்பா சொன்ன லாட்டரிக் கணக்கு முழுப் பொய் இல்லை. ஆனால் லாட்டரி எடுத்தவன் குலுக்கல் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கலாம். இதில் அப்படி உட்கார முடியாது. சீட்டு விழாத நாளிலும் வேலை பார்த்தாக வேண்டும்.

அந்த மனிதரும் இன்னும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறார். 2021-ல் 'விநோதய சித்தம்' என்று சின்னதாக ஒரு படத்தை இயக்கி நேராக ஓ.டி.டி-யில் விட்டார். செத்துப்போன ஒருவருக்கு 90 நாள் கூடுதலாகக் கிடைக்கிற கதை. தான் இல்லாவிட்டால் குடும்பமே நின்றுவிடும் என்று நினைக்கிற ஆள் அவர். அதை என் மகனின் மொபைலில், அதைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து வீட்டோடு பார்த்தோம். அதையே 2023-ல் தெலுங்கில் பவன் கல்யாணை வைத்து 'ப்ரோ' என்று இயக்கினார். 2024 கடைசியில் வந்த 'திரு.மாணிக்கம்' படத்தில் அவர் நேர்மையான லாட்டரிக் கடைக்காரர். அப்பா பெரியப்பாவுக்கு போன் போட்டு, "அண்ணாச்சி, நீங்க அவசியம் பாக்க வேண்டிய படம்" என்று சொல்லிச் சிரித்தார்.

போன சீசனில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, காட்டுவதற்காக மதுரைக்குப் போனோம். தம்பியும் ஊரில் இருந்தான். நான், அப்பா, தம்பி, என் மகன். கார் வைத்துக்கொள்ளலாம் என்றால் அப்பா கேட்கவில்லை. "பஸ்ஸுலதான் வருவேன்" என்று டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு கியருக்கும் அவர் கால் லேசாக அசைந்துகொண்டே வந்தது.

சேத்தூரில் பஸ் நின்றது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தம்பிதான் என் மகனிடம், "இது சமுத்திரக்கனி ஊருடா" என்றான்.

"யாரு மாமா, 'ஆர்.ஆர்.ஆர்'ல வருவாரே, அவரா?"

"ஆமா. அதுக்கு முன்னாடியும் நெறைய இருக்கு."

பஸ் கிளம்பியது. மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. அப்பா பச்சைத் துணி மறைத்த கண்ணோடு மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினார்.

"ஆமால, இத்தன வருஷமா பைக்குள்ள வச்சிருக்கியே ஒரு கதை. அது என்ன கதை?"

15 வருஷத்தில் எப்போது படம், எவ்வளவு சம்பளம், யார் ஹீரோ என்று எல்லாம் கேட்டிருக்கிறோம். இந்தக் கேள்வியை நாங்கள் யாருமே கேட்டதில்லை.

தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டான். ராஜபாளையம் வருவதற்குள் முதல் சீனைச் சொல்லி முடித்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்டர்வெல். மதுரையில் இறங்குகிற வரைக்கும் அப்பா ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை.